சுண்ணாம்பு நீரும் முத்துக் கடலும்

கார்பன் டைஆக்சைடு சுண்ணாம்பு நீரைப் பால்போல் மாற்றும் என்பதைச் செய்துகாட்டாத அறிவியல் ஆசிரியர் நம்மில் யாரும் இருக்க மாட்டார். தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழல் வழியாக ஊதச் சொல்வோம். நீர் வெண்மையாகும். மாணவர்கள் கைதட்டுவார்கள். 'நாம் வெளிவிடும் மூச்சில் கார்பன் டைஆக்சைடு உள்ளது' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுவோம். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் செய்துவந்தேன்.

ஒருநாள் நான் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்துவிட்டான். "சார், பால் மாதிரி ஆனது மறுபடியும் தண்ணியாயிருச்சு" என்றான். "அதிகமா ஊதிட்டே. கீழே கொட்டிட்டு வா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து, மனிதர்கள் வெளியிடும் கார்பன் டைஆக்சைடில் ஒரு பகுதியைக் கடல் எடுத்துக்கொள்கிறது என்று நடத்தினேன். அதே மாணவன் எழுந்தான். தூத்துக்குடிக் கடலோரத்துப் பையன் அவன். "எங்கப்பா சங்கு குளிக்கப் போறாவ சார். அந்த வாயு கரைஞ்சா அமிலம் ஆகும்னு சொல்றீங்க. அப்ப, அன்னைக்கு டம்ளர்ல வெள்ளை காணாமப் போன மாதிரி கடல்ல இருக்கிற சங்கும் சிப்பியும் கரைஞ்சு போயிருமா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "அதெல்லாம் ஆகாது, உட்காரு" என்றேன். ஆனால் இரண்டு பாடங்களுக்கும் நடுவே நான் போடாத முடிச்சை அவன் போட்டுவிட்டான். அவனுக்கு முழுப் பதில் சொல்வதற்காகத் தேடிப் படித்தவற்றை நம் ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. கடல் கார்பனை எப்படி உறிஞ்சுகிறது என்ற பெரிய கேள்வியின் விடை, நான் கொட்டச் சொன்ன அந்தக் குவளையிலேயே இருந்தது.

கடலின் பங்கு எவ்வளவு?

தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றின் பத்து லட்சம் பங்கில் கார்பன் டைஆக்சைடு சுமார் 280 பங்கு இருந்தது. 1958-இல் சார்லஸ் டேவிட் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது அது சுமார் 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு, சிமென்ட் உற்பத்தி, காடழிப்பு ஆகியவையே இந்த உயர்வுக்குக் காரணம்.

ஆனால் நாம் வெளியிட்டது முழுவதும் காற்றிலேயே தங்கியிருந்தால் இந்த எண் இன்னும் பெரிதாக இருந்திருக்கும். மாணவர்களுக்குப் பண உதாரணம் எளிதாகப் புரிகிறது. நாம் வெளியிடும் கார்பன் டைஆக்சைடு 100 ரூபாய் என்றால், ஏறத்தாழ 45 ரூபாய் காற்றில் தங்குகிறது. சுமார் 30 ரூபாயை நிலத்திலுள்ள மரம், செடி, மண் எடுத்துக்கொள்கின்றன. மீதி 25 ரூபாய், அதாவது கால் பங்கு, கடலுக்குள் போகிறது. எடையில் சொன்னால் ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன்.

கடல் இவ்வளவு தாங்குவதில் வியப்பில்லை. காற்று மண்டலத்தில் உள்ளதைப் போல ஏறத்தாழ ஐம்பது மடங்கு கார்பன் கடலில் முன்பிருந்தே கரைந்துள்ளது. அப்படியானால் மீதியையும் அதுவே எடுத்துக்கொள்ளலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். அறிவியலாளர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். ஏன் அது நடப்பதில்லை என்பதைப் பிறகு பார்ப்போம்.

வாயு கடலுக்குள் போவது எப்படி?

கடல் பஞ்சுபோல எல்லா இடத்திலும் ஒரேயளவாக உறிஞ்சுவதில்லை. காற்றிலும் கடல்நீரின் மேற்பரப்பிலும் உள்ள வாயு ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளப் பார்க்கிறது. காற்றில் கூடினால் நீருக்குள் போகும். நீரில் கூடினால் காற்றுக்கு வெளியேறும். நாம் காற்றில் அதிகமாகச் சேர்த்துவிட்டதால், மொத்தக் கணக்கில் இப்போது வாயு கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

வெப்பநிலையும் இதில் முக்கியம். குளிர்ந்த சோடாவைத் திறந்தால் மெதுவாகப் பொங்கும்; வெயிலில் இருந்த சோடாவைத் திறந்தால் சட்டென்று பொங்கி வழியும். குளிர்ந்த நீர் வாயுவை அதிகம் பிடித்து வைக்கும், சூடான நீர் விட்டுவிடும். எனவே துருவங்களை ஒட்டிய குளிர்கடல்களே அதிகம் உறிஞ்சுகின்றன. மனிதர்கள் சேர்த்த கார்பனில் கடல் எடுத்துக்கொண்ட பங்கில் ஏறத்தாழ 40 சதவீதம் அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடல் வழியாகவே உள்ளே போயிருக்கிறது. வட அட்லாண்டிக்கிலும் அண்டார்டிகா ஓரத்திலும் குளிர்ந்து கனத்த நீர் ஆழத்துக்கு இறங்கும்போது கார்பனையும் சுமந்துகொண்டு போகிறது. அந்த நீர் மறுபடி மேலே வர நூற்றுக்கணக்கான ஆண்டுகள், சில வேளை ஆயிரம் ஆண்டுகள்கூட ஆகும்.

நம்மைச் சூழ்ந்த வெப்பக் கடல்களின் கதை வேறு. 1990-களில் நம் நாட்டு ஆய்வுக் கப்பல்கள் அரபிக்கடலில் அளந்து பார்த்தபோது, அது ஆண்டு முழுவதும் காற்றுக்குக் கார்பன் டைஆக்சைடை வெளிவிடும் கடலாகவே இருந்தது. 'கடல் உறிஞ்சுகிறது' என்று பாடத்தில் படித்த மாணவர் இதைக் கேட்டால் குழம்புவார். அவருக்கு இப்படிச் சொல்லலாம்: உலகக் கடல் முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்த மொத்தக் கணக்குதான் பாடத்தில் உள்ளது. வெளிவிடும் கடலிலும் நாம் சேர்த்த கார்பன் இருக்கிறது. காற்றில் வாயு கூடக்கூட, அந்தக் கடல் முன்பு விட்ட அளவுக்கு விட முடிவதில்லை.

நாம் வழக்கமாகச் செய்யும் ஒரு பிழையையும் இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். 'கடலிலுள்ள நுண்ணிய தாவர மிதவை உயிரிகள் ஒளிச்சேர்க்கை செய்து நம் புகையை உறிஞ்சுகின்றன' என்று நானும் சொல்லியிருக்கிறேன். அவை கார்பன் டைஆக்சைடை எடுத்துக்கொள்வதும், அவற்றின் எச்சத்தில் ஒரு பகுதி ஆழத்துக்கு இறங்குவதும் உண்மை. ஆனால் அது தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பிருந்தே நடப்பது. நாம் சேர்த்த கூடுதல் கார்பனைக் கடலுக்குள் இழுப்பது பெரும்பாலும் வாயு நீரில் கரைவதும் அதைத் தொடரும் வேதிவினையும்தான்.

கொட்டிவிட்ட குவளையில் நடந்தது

இப்போது குவளைக்கு வருவோம். சுண்ணாம்பு நீர் என்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. முதலில் ஊதும்போது கால்சியம் கார்பனேட் உண்டாகிறது. அது நீரில் கரையாது. ஆகவே நீர் வெண்மையாகிறது. சிப்பி, சங்கு, பவளம், முத்து எல்லாமே பெரும்பாலும் இந்தக் கால்சியம் கார்பனேட்தான். சிப்பியைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தொடர்ந்து ஊதினால் இரண்டாம் படி தொடங்குகிறது.

கால்சியம் கார்பனேட் + நீர் + கார்பன் டைஆக்சைடு → கால்சியம் பைகார்பனேட்

கால்சியம் பைகார்பனேட் நீரில் கரையக்கூடியது. எனவே வெண்மை மறைகிறது. மாணவன் அதிகமாக ஊதிச் சோதனையைக் கெடுக்கவில்லை, சோதனையை முடித்திருந்தான்.

கடலில் நடப்பதும் இதே வினைதான். கடல்நீரில் கார்பன் மூன்று வடிவங்களில் இருக்கிறது. ஏறத்தாழ 90 சதவீதம் பைகார்பனேட் அயனி. சுமார் பத்தில் ஒரு பங்கு கார்பனேட் அயனி. ஒரு சதவீத அளவுக்கு மட்டுமே கரைந்த வாயு. புதிதாக வரும் கார்பன் டைஆக்சைடு நீருடன் சேர்ந்து கார்பானிக் அமிலமாகிறது. அது பிரிந்து ஹைட்ரஜன் அயனியையும் பைகார்பனேட் அயனியையும் தருகிறது. அந்த ஹைட்ரஜன் அயனிகளில் பெரும்பாலானவற்றைக் கடலில் உள்ள கார்பனேட் அயனிகள் பிடித்துக்கொண்டு தாங்களும் பைகார்பனேட்டாக மாறிவிடுகின்றன. சுருக்கமாக:

கார்பன் டைஆக்சைடு + நீர் + கார்பனேட் அயனி → 2 பைகார்பனேட் அயனிகள்

கடல் இவ்வளவு கார்பனைத் தாங்குவதற்கு இந்த வினையே காரணம். வந்த வாயு வாயுவாகவே இருந்தால் நீர் விரைவில் நிறைந்துவிடும். அது பைகார்பனேட்டாக மாறிவிடுவதால் அடுத்து வருவதற்கு இடம் கிடைக்கிறது.

ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு கார்பனேட் அயனி செலவாகிறது. கையிருப்பு குறையக் குறைய, உறிஞ்சும் திறனும் குறைகிறது. ரோஜர் ரெவெல், ஹான்ஸ் சூஸ் என்னும் இருவர் 1957-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்தத் தடையைச் சுட்டிக்காட்டினார்கள். காற்றில் கார்பன் டைஆக்சைடு 10 சதவீதம் கூடினாலும், மேற்பரப்புக் கடல்நீரில் மொத்தக் கார்பன் ஏறத்தாழ 1 சதவீதமே கூடுகிறது. 'கடலே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும்' என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. அதற்கு அடுத்த ஆண்டு கீலிங் தொடங்கிய அளவீடுகள், கார்பன் டைஆக்சைடு காற்றில் சேர்ந்துகொண்டே போவதைக் கண்முன் காட்டின.

கடல் 'அமிலம்' ஆகிறதா?

கடல்நீர் இன்றும் காரத்தன்மை உடையதுதான். மேற்பரப்பு நீரின் பி.எச். மதிப்பு தொழிற்புரட்சிக்கு முன்பு சராசரியாகச் சுமார் 8.2 இருந்தது, இப்போது சுமார் 8.1. ஏழுக்குக் கீழே போனால்தான் அமிலம். 'கடல் அமிலமாதல்' என்ற சொல், காரத்தன்மை குறைந்து அமிலத்தின் பக்கமாக நகர்வதையே குறிக்கிறது. காய்ச்சல் 102-லிருந்து 101-க்கு வந்தவரைக் 'குளிர்ந்துகொண்டிருக்கிறார்' என்று சொன்னால் அவர் பனிக்கட்டி ஆகிவிட்டார் என்று பொருள் அல்லவே.

0.1 என்ன பெரிய வேறுபாடு என்றும் தோன்றும். பி.எச். மடக்கை அளவுகோல் என்பதை இங்கே கணித ஆசிரியரின் துணையோடு விளக்கலாம். பி.எச். 0.1 குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு 1.26 மடங்கு, அதாவது கால் பங்குக்கும் சற்று அதிகமாகக் கூடும். 0.3 குறைந்தால் இரண்டு மடங்காகும். உமிழ்வு குறையாமல் போனால் இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் மேலும் 0.3 அளவுக்குக் குறையக்கூடும் என்பது அறிவியலாளர்களின் கணிப்பு.

முட்டை ஓட்டையோ சிப்பியையோ வினிகரில் போட்டுக் காட்டும் வழக்கமும் நம்மிடம் உள்ளது. நல்ல செய்முறைதான். ஆனால் வினிகரின் பி.எச். மூன்றுக்கும் கீழே. கடல் ஒருபோதும் அந்த நிலைக்கு வராது. அதைச் சொல்லாமல் விட்டால், கடலில் குளித்தால் தோல் எரியும் என்று நினைக்கும் மாணவரையும் நாம் உருவாக்கிவிடுவோம்.

ஓடு கட்டும் உயிர்களுக்கு என்ன ஆகும்?

சிப்பியும் சங்கும் பவளமும் கடல்நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் சேர்த்து ஓடு கட்டுகின்றன. நீரில் கார்பனேட் அயனிகள் தாராளமாக இருந்தால் வேலை எளிது. அவை குறைந்தால் அதே ஓட்டைக் கட்ட அதிக ஆற்றல் செலவாகும். செங்கல் விலை ஏறினால் வீடு கட்டுபவர் திணறுவதைப் போலத்தான். கட்டிய வீடு உடனே இடிந்துவிடாது. புதிதாகக் கட்டுவது கடினமாகும். முதலில் பாதிக்கப்படுவது குஞ்சுகள். சிப்பிக் குஞ்சு பிறந்த ஓரிரு நாளிலேயே தன் முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டும். அப்போது அதன் கையில் இருப்பது முட்டையிலிருந்து வந்த சிறு சேமிப்பு மட்டுமே.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலக் கடற்கரையில் ஒரு சிப்பிக் குஞ்சுப் பொரிப்பகத்தில் 2007, 2008 ஆண்டுகளில் குஞ்சுகள் பெருமளவில் இறந்தன. முதலில் நோய்க் கிருமியைத்தான் சந்தேகித்தார்கள். பிறகு தெரிந்தது: கார்பன் டைஆக்சைடு நிறைந்த ஆழ்கடல் நீர் கரைக்கு ஏறிவரும் நாட்களில் தொட்டிக்கு எடுத்த நீரே காரணம். அங்கே வளர்ந்த சிப்பிகள் கரைந்துவிடவில்லை. குஞ்சுகளால்தான் ஓடு கட்ட முடியவில்லை. நீரைத் தொடர்ந்து அளந்து, தேவைப்படும்போது சோடா உப்பாகிய சோடியம் கார்பனேட்டைச் சேர்த்துத்தான் அவர்கள் தொழிலைக் காப்பாற்றினார்கள். குறைந்துபோன கார்பனேட்டை வெளியிலிருந்து கொட்டி ஈடுசெய்தார்கள் என்பது இப்போது நமக்குப் புரியும்.

இங்கே இன்னொரு பிழையையும் திருத்திக்கொள்ளலாம். 'சிப்பியும் பவளமும் ஓட்டில் கார்பனைச் சேமிப்பதால் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு குறைகிறது' என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. உண்மையில் பைகார்பனேட்டிலிருந்து கால்சியம் கார்பனேட் உண்டாகும்போது கார்பன் டைஆக்சைடு வெளிப்படுகிறது. நம் குவளையின் இரண்டாம் படி பின்னோக்கி நடப்பதுதான் அது. உப்புத் தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு சேர்வதும் இதே வினைதான்.

மன்னார் வளைகுடாவில் எதற்கு எது காரணம்?

தூத்துக்குடி மாணவர்கள் அடுத்துக் கேட்பது முத்தைப் பற்றித்தான். 'முத்து நகர்' என்று பேர் இருக்கிறது, முத்துக்குளிப்பு எங்கே? கொற்கைப் பாண்டியர் காலம் முதல் பெயர்பெற்ற இந்தக் கடலில், நம் பக்கத்தில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். கார்பன் கதையைக் கேட்டவுடன் 'அதனால்தான் முத்து போச்சா?' என்று முடிவுகட்டத் தோன்றும். அதற்கு ஆதாரம் இல்லை. முத்துப் பார்கள் பல நூற்றாண்டுகளாகவே சில ஆண்டுகள் நிறைந்தும், பல ஆண்டுகள் வெறுமையாகவும் இருந்துவந்தவை. நல்ல அறிவியல் கற்ற மாணவர், கிடைத்த காரணத்தை எல்லாவற்றுக்கும் மாட்டிவிடக் கூடாது.

முத்துச் சிப்பியின் கதை அத்தோடு முடியவும் இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் 1973-இல் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள். 1981-இல் முத்துச் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் வளர்ப்பதிலும் வென்றார்கள். ஒரிகன் பொரிப்பகத்தின் பாடம் நம் கரைக்குத் தொலைவானது அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பவளத்துக்கும் இதே எச்சரிக்கை தேவை. 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் உண்டு. அவற்றில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் இப்போது நீர்மட்டத்துக்குக் கீழே உள்ளன. அலையைத் தடுத்து நின்ற பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்காகப் பல்லாண்டு வெட்டியதற்கு இந்த அரிப்பில் பெரிய பங்கு உண்டு. 2010, 2016 ஆண்டுகளில் இங்குள்ள பவளங்கள் வெளுத்ததற்குக் காரணம் கடல்நீரின் வெப்பம். புவியில் கூடுதலாகச் சேரும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள்தான் போகிறது. வெப்பத்தால் இறந்த பவளத்தின் இடத்தில் புதிய பவளம் வளர வேண்டும். அந்த வளர்ச்சியைத்தான் கார்பனேட் குறைவு மெதுவாக்குகிறது. ஆக, வெட்டு உடனடி அடி, வெப்பம் அவ்வப்போது விழும் அடி, அமிலமாதல் மெதுவாகக் கூடும் சுமை. மூன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டியது நம் கடமை.

கடற்புல் பற்றியும் ஒரு வரி. மன்னார் வளைகுடாவின் கடற்புல் படுகைகளும், தாமிரபரணி முகத்துவாரத்தை ஒட்டிய அலையாத்திக் காடுகளும் கார்பனைச் சேற்றில் நெடுங்காலம் புதைத்துவைக்கின்றன. பகலில் கடற்புல் ஒளிச்சேர்க்கை செய்யும்போது சுற்றியுள்ள நீரின் பி.எச். சற்று உயர்கிறது. உலகக் கணக்கில் இது சிறு பங்குதான். ஆனாலும் உள்ளூரில் காக்க முடிந்த பங்கு.

நம் ஊரில் ஒரு கணக்கு

பெரிய எண்களை மாணவர்கள் உணர உள்ளூர்க் கணக்கு ஒன்று போடலாம். தூத்துக்குடி அனல் மின் நிலையம் 210 மெகாவாட் அலகுகள் ஐந்துடன், மொத்தம் 1,050 மெகாவாட் திறனில் அமைக்கப்பட்டது. அந்த அளவுள்ள நிலையம் முழுத் திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் 10,50,000 யூனிட் மின்சாரம் கிடைக்கும். நிலக்கரியில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 1 கிலோ கார்பன் டைஆக்சைடு என்று வைத்தால், மணிக்குச் சுமார் 1,000 டன். அதில் கால் பங்கு, 250 டன், உலகின் ஏதோ ஒரு கடலில் கரையும். வீட்டில் 100 யூனிட் நிலக்கரி மின்சாரம் செலவானால் கடலின் பங்கு ஏறத்தாழ 25 கிலோ. ஓர் அரிசி மூட்டை.

இதே ஊரில் இன்னொரு செய்தியும் உண்டு. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் தொழிற்சாலையில் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கார்பன் டைஆக்சைடைப் பிரித்தெடுத்துச் சோடா உப்பு செய்யும் ஏற்பாடு 2016-இல் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் அளவில் அமைக்கப்பட்ட அது உலகச் செய்தியானது. அதையும் நம் கணக்கோடு ஒப்பிடச் சொல்லுங்கள். 60,000 டன் என்பது மேலே சொன்ன நிலையத்தின் 60 மணி நேர உமிழ்வு, இரண்டரை நாள். முயற்சி சிறியது என்று ஏளனம் செய்ய இதைச் சொல்லவில்லை. வெளியான பிறகு பிடிப்பதைவிட வெளியிடாமல் இருப்பது ஏன் எளிது என்பதை இந்த ஒரு வகுத்தல் கணக்கே காட்டிவிடுகிறது.

கடலும் காலப்போக்கில் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கடலடியில் படிந்துள்ள சுண்ணாம்புப் படிவுகள் மெல்லக் கரைந்து, செலவான கார்பனேட்டை ஈடுகட்டும். ஆனால் அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும். நாம் சேர்ப்பதோ சில தலைமுறைகளுக்குள்.

வகுப்பறையில் செய்து பார்க்க

1. சுண்ணாம்பு நீர், மூன்று படிகள்: ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி நீற்றிய சுண்ணாம்பைக் குலுக்கி, ஓரிரவு தெளியவிட்டு, மேலே உள்ள தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். அதே அளவு நீர் சேர்த்து நீர்க்கச் செய்தால் மூன்றாம் படிவரை விரைவாகப் போகலாம். வாயால் ஊதினால் மாணவர் தவறி உறிஞ்சிவிடும் ஆபத்து உண்டு. ஒரு பாட்டிலில் வினிகரும் ஆப்பசோடாவும் கலந்து, மீன் தொட்டிக்கு விற்கும் மெல்லிய குழாய் வழியாக வாயுவை மட்டும் செலுத்துவது நல்லது. முதலில் வெண்மை, தொடர்ந்தால் தெளிவு. தெளிந்த நீரைச் சோதனைக்குழாயில் ஆசிரியரே சூடாக்கிக் காட்டினால் வாயு வெளியேறி மறுபடி வெண்மை. மூன்றையும் கடலோடு பொருத்திச் சொல்லச் சொல்லுங்கள்.

2. நிறம் மாறும் கடல்நீர்: கடல்நீரில் சில துளி புரோமோதைமால் நீலம் சேர்த்தால் நீல நிறம் தெரியும். வாயுவைச் செலுத்தினால் பச்சையாகி மஞ்சளை நோக்கிப் போகும். அகலமான தட்டில் ஊற்றித் திறந்து வைத்தால், வாயு வெளியேறி மெல்ல நீலத்துக்குத் திரும்பும். கடல் இல்லாத மாவட்டங்களில் ஒரு லிட்டர் நீரில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா கரைத்துப் பயன்படுத்தலாம், அதன் பி.எச். கடல்நீரை ஒத்திருக்கும்.

3. தொடக்க வகுப்புகளுக்கு: குளிர்ந்த சோடா ஒன்று, வெயிலில் வைத்த சோடா ஒன்று. எதில் குமிழி விரைவாகப் போகிறது என்று பார்த்துச் சொல்லட்டும். குளிர்கடல், வெப்பக்கடல் வேறுபாட்டுக்கு அதுவே போதும்.

ஓர் எச்சரிக்கை. பி.எச். தாளைக் கடற்கரைக்கு எடுத்துச் சென்று கடல் அமிலமாதலை அளக்க முடியாது. அந்தத் தாள் 0.1 வேறுபாட்டைக் காட்டாது. கரையோர நீரின் பி.எச். பகலுக்கும் இரவுக்கும் இடையிலேயே மாறும். துல்லியமான கருவியால், ஒரே இடத்தில், பல ஆண்டுகள் அளந்தால்தான் போக்கு தெரியும். ஏன் ஒருமுறை அளந்தது சான்றாகாது என்பதைப் பேசுவதே மாணவர்களுக்கு ஒரு நல்ல பாடம்.

அந்த மாணவனிடம் அடுத்த வாரம் மறுபடி பேசினேன். "உங்கப்பா எடுக்கிற சங்கு கரைஞ்சு போகாது. நம்ம கடல்ல இன்னும் ஓடு கட்டுற அளவுக்குக் கார்பனேட் இருக்கு. ஆனா அது குறைஞ்சுக்கிட்டு வருது. நாம புகை விடுறதைக் குறைக்கலன்னா, பிறக்குற குஞ்சுச் சங்குக்கு ஓடு கட்டுறது கஷ்டமாகும்" என்றேன். பிறகு சுண்ணாம்பு நீரை எடுத்து, முழுவதும் தெளியும்வரை வாயுவைச் செலுத்தச் சொன்னேன். இந்த முறை குவளையைக் கொட்டச் சொல்லவில்லை. பெஞ்சின் மேல் வைத்து, வகுப்பு முழுவதையும் வரிசையில் வந்து பார்க்கச் சொன்னேன்.